ரசோன், கைலாசோன், அப்ரவாசி காட்: மொரீஷியஸில் ஐந்து நாள்

ஜூலை 12, 2024, வெள்ளி: போர்ட் லூயிஸ்

மொரீஷியஸில் பணம் மாற்றியதும் நோட்டை அப்படியே பர்ஸில் செருகிவிடாதீர்கள். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று எழுத்தும் அதில் இருக்கும். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல்வாதி. அவர் பெயருக்கான எழுத்துக்கூட்டலை வாசித்தால் ‘ரெங்கநாதென் சீனீவாசென்’ என்றுதான் வாய்க்கு வரும். அந்த ‘என்’ ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி ஐந்து நாளும் அது கூடவே வரும். 2024 ஜூலையில் இந்த ஊர் ஒரு ரூபாய் நம் பணத்தில் ஏறக்குறைய 1 ரூபாய் 80 காசாக இருந்தது.

கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய இடம் அப்ரவாசி காட். துறைமுகத்தின் ட்ரூ ஃபான்ஃபரோன் பகுதியில் இருக்கிறது. அதன் பெயரிலேயே மெட்ரோ நிலையம் உண்டு, வழி தவறாது. அனுமதி இலவசம். வார நாட்களில் மாலை 4 மணியோடு மூடிவிடுவார்கள், சனிக்கிழமை மதியத்தோடு சரி, ஞாயிறு விடுமுறை. மதியத்துக்கு மேல் போனது முதல் தவறு. பெயருக்குத்தான் குளிர்காலம். போர்ட் லூயிஸ் மலைக்குப் பின்னால் காற்று மறைவில் கிடக்கிற ஊர். கருங்கல் தளத்தில் வெயில் ஏறி உள்ளங்காலைச் சுடுகிறது, நிழல் கொஞ்சம்தான். காலை ஒன்பதுக்கே போய்விட வேண்டும்.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயரைக் கேட்டு ஒரு கோட்டையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மொத்தப் பரப்பு 1,640 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏழேகால் கிரவுண்டு. பத்து நிமிடத்தில் சுற்றி முடித்து, “அவ்வளவுதானா?” என்று கேட்டுக்கொண்டே வெளியேறும் கூட்டத்தை வாசலில் நின்றால் பார்க்கலாம். அவர்கள் மேலும் குற்றமில்லை. அந்தக் காலக் குடிவரவு டிப்போவில் பெரும்பகுதி போய்விட்டது. பக்கத்தில் இரைந்துகொண்டே இருக்கும் நெடுஞ்சாலை போட்டபோது வளாகத்தில் ஒரு துண்டு அதற்குள் போனது. மிஞ்சியவை வாசல் வளைவு, மருத்துவமனைக் கட்டடத்தின் பகுதி, சமையலறையின் அடித்தடம், கழிவறைகள், பிறகு அந்தப் படிகள்.

எண்ணினால் 16 படி, எல்லாம் கருங்கல். எரிமலைத் தீவு ஆகையால் கல்லுக்குப் பஞ்சமில்லை. இந்தியில் காட் என்றால் நம் படித்துறை. கும்பகோணத்துப் படித்துறையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஒவ்வாது. இது அகலமில்லாத, சரக்கு இறக்கும் துறைக்கான படி. துறைமுகம் எதிரே தெரிகிறது, அலை மட்டும் இந்தப் படியைத் தொடுவதில்லை. 1834 நவம்பர் 2ஆம் தேதி ‘அட்லஸ்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் 36 பேர் வந்தார்கள். இந்த டிப்போ அப்போது கிடையாது, 1849இல்தான் வந்தது. வழிகாட்டிகள் சிலர் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், குழம்ப வேண்டாம். அட்லஸ் ஆட்கள் இந்தப் படியில் ஏறியவர்கள் அல்லர்.

இடத்தின் பழைய பெயர் கூலி காட். ‘அப்ரவாசி’ என்றால் குடியேறியவர், இந்திச் சொல். பிற்பாடு மாற்றினார்கள். ஊர்ப் பெரியவர்களில் சிலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், அதில் இழிவும் பார்ப்பதில்லை. ‘கூலி’ என்ற சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்திலிருந்து போனதா என்ற சண்டை தனி. ஆனால் சம்பளத்தைக் குறிக்கும் நம் சொல்லின் காதோடு கேட்டால், பழைய பெயர்தான் நேர்மையாகப் படுகிறது.

ஜூலை 13, சனி: விளக்க மையம், பிறகு சந்தை

நேற்றுச் செய்திருக்க வேண்டியது இன்று. படியைப் பார்ப்பதற்கு முன் வளாகத்தை ஒட்டியுள்ள பிக்ரம்சிங் ராம்லாலா விளக்க மையத்தைப் பார்த்துவிட வேண்டும். 2014இல் திறந்தது. ராம்லாலா என்பவர் பத்திரிகையாளர், அரசியல்வாதி. இந்த இடம் மொத்தமாக இடிபடாமல் காப்பாற்றியதில் அவர் பங்கு பெரிது. உள்ளே ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சனிக்கிழமை என்றால் பத்து மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். பதினொன்றரை ஆனதும் ஊழியர்கள் விளக்குப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

டிப்போ எப்படி இயங்கியது என்பது தெரிந்தால்தான் வெளியே கிடக்கும் கல்லுக்கு அர்த்தம் வரும். கப்பல் நேரே கரைக்கு வராது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும், மருத்துவ அதிகாரி படகில் போய்ப் பார்ப்பார். கப்பலில் காலரா, அம்மை இருந்தால் கரையே கிடையாது, தனிமைப்படுத்தும் தீவுக்குத்தான். நோயில்லை என்றால் சிறு படகுகளில் இறக்கி, படி வழியாக மேலே. பிறகு கொட்டகை, சமையல், மருத்துவச் சோதனை, எண், ஒப்பந்தம், தோட்டம். பெரும்பாலானவர்கள் இங்கே இரண்டு மூன்று நாள்தான் தங்கினார்கள். அதனால்தான் சமையலறையும் கழிவறையும் இந்த வளாகத்தின் முக்கியமான உறுப்புகள். வடிகால் செதுக்கிய அந்தக் கழிவறைக் கற்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மரவிதானமும் சுதையும் இருக்கும் எந்த மாளிகையும் சொல்லாததை அவை சொல்லும்: வாரக்கணக்கில் கப்பல் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது என்ன என்று.

ஒப்பந்தம் என்பது ஆணுக்கு மாதம் 5 ரூபாய், கூடவே அரிசி, பருப்பு, உப்பு. கேட்க மோசமில்லை. ஆனால் ‘இரட்டை வெட்டு’ என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவன் எழுந்து வரும்போது இரண்டு வாரச் சம்பளம் போயிருக்கும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவரையும் விடவில்லை. 1867 சட்டத்துக்குப் பிறகு, படம் ஒட்டிய பாஸ் இல்லாமல் சாலையில் நடந்தாலே நாடோடி என்று பிடித்தார்கள். 1871இல் அடோல்ப் த ப்ளேவிட்ஸ் என்ற ஐரோப்பியர் இதை எதிர்த்து மனு எழுத, 9,401 பழைய குடியேறிகள் அதில் ஒப்பமிட்டார்கள். அதன் பேரில்தான் விசாரணை ஆணையம் வந்தது. தோட்டங்களில் மேஸ்திரிக்குப் பெயர் சர்தார். இலங்கை மலையகத்துக் கங்காணியைத் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அடிமை முறை 1835 பிப்ரவரி 1 அன்று இங்கே ஒழிந்தது. இழப்பீடாக 21 லட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. கரும்பு வெட்ட ஆள் வேண்டும், அதற்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறைக்கு ‘மகா பரிசோதனை’ என்று பிரிட்டிஷ் அரசு பெயர் வைத்தது. 1834 முதல் 1920 வரை வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கல்கத்தாவுக்கு அடுத்தபடி அதிகம் அனுப்பிய துறைமுகம் மதராஸ்.

மதியம் மத்தியச் சந்தை. நடந்தே போகலாம். கடையில் எதைக் கேட்பதற்கும் முன் “போன்சூர்” சொல்லியாக வேண்டும். நேரே “இது எவ்வளவு?” என்று ஆரம்பித்தால் விலை சொல்வார்கள், முகம் கொடுக்க மாட்டார்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் எந்த வரிசை நீளம், எந்தக் கடையில் மிளகாய் அதிகம் என்பதுவரை தகவல் வரும்.

தால் பூரி எப்போதும் ஜோடியாகத்தான். ஒன்று மட்டும் கேட்டால் புரியாது. ஒரு ஜோடி 25 ரூபாய் சுமார். நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டால் அதுதான். கடலைப் பருப்பு வகையை மஞ்சள் போட்டு வேகவைக்கிறார்கள். விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. குழைந்தால் பூரணத்தில் ஈரம் நின்று, தேய்க்கும்போது மாவு கிழியும். நீரை வடித்து, உலர்ந்த தூளாக அரைத்து, மைதா உருண்டைக்குள் அடைத்து, பின்னால் பிடித்த கை தெரிகிற அளவு மெலிதாகத் தேய்க்க வேண்டும். வடித்த மஞ்சள் நீரிலேயே மாவைப் பிசைவதுதான் அந்த நிறத்துக்குக் காரணம். கல்லில் எண்ணெய் தடவி இரண்டு புரட்டு. மேலே வெண்பீன்ஸ் கறி, தக்காளி ‘ரூகாய்’, கொத்தமல்லிச் சட்னி, சுருட்டிக் காகிதத்தில். “அவெக் பிமான்?” என்று கேட்பார்கள், மிளகாய் போடவா என்று. நம் ஊர் நாக்குதானே என்று தைரியமாகத் தலையாட்டினால் கண்ணில் நீர் வரும். பக்கத்திலேயே ‘காத்தோ பிமான்’, மிளகாய் கேக் என்று பொருள், சாட்சாத் பருப்பு வடை. அதை ரொட்டிக்குள் வைத்து வெண்ணெய் தடவிக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். ‘அலூடா’ என்பது பால், கடற்பாசி, சப்ஜா விதை, மதுரை ஜிகர்தண்டாவின் தூரத்து உறவு, தித்திப்பு இரண்டு மடங்கு.

மாலை ஐந்தரைக்கு மேல் போர்ட் லூயிஸ் காலியாகிவிடுகிறது. கடைகள் படபடவென்று ஷட்டர் இறக்கும். டாக்சியில் மீட்டர் போட மாட்டார்கள், ஏறும் முன் பேசிவிட வேண்டும். பேசாமல் ஏறியதற்கு இன்று கொடுத்த விலை 400 ரூபாய், அடுத்த நாள் அதே தூரம் 200.

ஜூலை 14, ஞாயிறு: கைலாசோன்

அருங்காட்சியகம் விடுமுறை என்பதால் கோவில். ஊரின் வடக்கு விளிம்பில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். டாக்சிக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். ‘கைலாசோன்’ என்று சொல்லுங்கள், உடனே வண்டி நகரும். கைலாசம்தான் கைலாசோன் ஆனது. ரசம் இங்கே ‘ரசோன்’. சொல்லின் கடைசியில் வரும் ‘அம்’ பிரெஞ்சுக் காதில் மூக்கொலியாக விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஆறுமுகம் ‘ஆர்மூகும்’, சின்னத்தம்பி ‘சினதாம்பு’, முத்து ‘முத்தூ’. அலுவலகத்துப் பெயர்ப்பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு தெரு முழுக்கத் தமிழ்ப் பெயர்கள் மாறுவேஷத்தில் வரும்.

தமிழர் எல்லாரும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அல்லர். பிரெஞ்சு ஆட்சியில், அதாவது படிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள். துறைமுக ஊரைக் கட்டியதில் அவர்கள் கை உண்டு. ஊரில் அவர்கள் இருந்த பகுதிக்கு ‘மலபார்களின் முகாம்’ என்று பெயர்.

கோவிலில் வேட்டி கட்டிய பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்த ஊர்ப் பேச்சுமொழி. தேவாரம் தமிழில், அறிவிப்பு கிரியோலில். பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள், பேச்சு வழக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று தெரிந்தால் முதல் கேள்வி “சாப்பிட்டாச்சா?” இல்லை, “எந்தக் கோவில்?” என்பது. எந்த ஊர் என்பதற்கு அவர்கள் கேட்கும் விதம் அது. இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள், மாவட்டத் தலைநகரைச் சொல்லி மழுப்பினால் அடுத்த கேள்வி வரும்.

‘செத் காரி’, ஏழு கறி, கோவில் விசேஷங்களிலும் கல்யாணத்திலும் வாழையிலையில் வரும். பரங்கி, வாழைக்காய், பலாப்பிஞ்சு, கத்தரி என்று காய்கள், ரசோன், பாயசம், அப்பளம். உப்பும் புளியும் நமக்குப் பழகிய இடத்தில் இருக்கின்றன, தேங்காய் மட்டும் குறைவு. ரசோனை இலையில் ஊற்ற மாட்டார்கள், சிறு கிண்ணத்தில் குடிக்கத் தருவார்கள். விசேஷம் இல்லாத நாளில் உணவகங்களில் கிடைக்கிறது, ஆனால் அது தட்டில்.

ஜூலை 15, திங்கள்: மோக்கா

பயணத்தின் மிக முக்கியமான நாள் இதுதான். படியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்து, ரெதுய் கிளைக்கு மாற வேண்டும். வழியில் ஒரு நிலையத்தின் பெயர் கோரமண்டல். பெட்டியில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரெதுயிலிருந்து மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு டாக்சி. மேட்டு நிலம் ஏற ஏறத் தூறல். துறைமுகத்தில் வியர்த்த அதே சட்டையோடு இங்கே நடுங்க வேண்டியிருக்கும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். குடையைக் காற்று திருப்பிவிடும், மழைக்கோட்டு மேல்.

குடிவரவு ஆவணங்கள் இங்கேதான் இருக்கின்றன. குடியேற்ற நாட்டுப்புற அருங்காட்சியகமும் உண்டு, பொதுமக்களுக்குத் திறந்தது. ஆவணப் பதிவேடுகள் அப்படி இல்லை, தேடல் விண்ணப்பம் கொடுத்துத்தான். வருபவர்களில் பெரும்பாலோர் மொரீஷியஸ்காரர்களே, பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர் என்று தேடுபவர்கள். வார நாள் காலையில் வரவேண்டும், வெறுங்கையோடு வரக்கூடாது.

கொண்டுவர வேண்டியது குடும்பத்தின் மிகப் பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்கள். ஏனென்றால் தேடல் பெயரில் நடப்பதில்லை, எண்ணில் நடக்கிறது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடிவரவு எண். பழைய பத்திரங்களில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதும் வழக்கம் இருந்தது. அது கிடைத்தால் பதிவேட்டின் வரி கிடைக்கும்: பெயர், தந்தை பெயர், வயது, உயரம், உடலில் அடையாளம், சாதி, மாவட்டம், ஊர், கப்பல், வந்த தேதி, போன தோட்டம். 1860களின் நடுவிலிருந்து சிலருக்குப் படமும் உண்டு. கேமரா முன் முதன்முறை நிற்பவர்களின் அந்த விறைப்பு எல்லாப் படத்திலும் ஒன்றுதான்.

எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடினால் எங்கே முட்டும்? முதலாவது, குமாஸ்தா காதால் கேட்டதை எழுதினார். ஒரே ராமசாமி மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார், ஒரே எழுத்துக்கூட்டலில் பல நூறு ராமசாமிகளும் இருப்பார்கள். இரண்டாவது, குடும்பப் பெயர். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததால் தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராயிற்று, அடுத்த தலைமுறையில் மறுபடி மாறிற்று. சட்டம் அதை ஒரு கட்டத்தில் உறைய வைத்தது. எனவே அண்ணன் வழிப் பேரனும் தம்பி வழிப் பேரனும் வேறு வேறு குடும்பப் பெயரோடு இருப்பார்கள், ஒரே குடும்பம் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. மூன்றாவது, ஊர்ப் பெயர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஆற்காடு என்று மாவட்டம் தெளிவாக இருக்கும். கிராமம் வரும் கட்டத்தில்தான் சிக்கல். அங்கே இருப்பது கிராமத்தின் பெயரல்ல, அதைச் சொன்னவரின் வாயும் எழுதியவரின் காதும் சேர்ந்து செய்த ஒன்று. இங்குள்ளவர்களால் அதைத் திருப்பித் தமிழாக்க முடியாது. ‘பூர்’ என்பது புரமா, புதூரா, பூரா என்று சொல்ல, அந்த வட்டாரத்தில் பேருந்து ஏறிய ஒருவர் வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுதான் வழி. இரண்டு மூன்று முறை வேகமாகச் சொன்னால் திடீரென்று நம் ஊர் ஒன்று எட்டிப் பார்க்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் செய்யக்கூடிய உபகாரம் அது. யாராவது காகிதத்தை நீட்டினால் மறுக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதைக்காக ஏதோ ஓர் ஊரைச் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் விமானச் சீட்டு எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கும்.

ஜூலை 16, செவ்வாய்: கபிரியேல் தீவு

வடக்கே க்ராண்ட் பே கடற்கரையிலிருந்து பாய்மரக் கட்டமரான்கள் காலையில் கிளம்புகின்றன. மதிய உணவோடு ஆளுக்கு 2000 ரூபாய் அளவில் பேசலாம். ‘கட்டமரான்’ நம் கட்டுமரம்தான் என்று சொன்னால் மாலுமிகள் சிரிப்பார்கள், நம்ப மாட்டார்கள். ஜூலையில் தென்கிழக்குக் காற்று பலம். முன் வலையில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் தலை முதல் கால் வரை உப்பு நீர். வாந்தி மாத்திரையைக் கரையிலேயே, ஏறுவதற்கு அரை மணி முன் போட்டுவிட வேண்டும். கடலில் போட்டுப் பயனில்லை என்பதை இன்று படகில் நால்வர் நிரூபித்தார்கள்.

ஆப்பு வடிவில் நிற்கும் க்வான் த மீர் பாறையைத் தாண்டினால் தட்டைத் தீவு, அதை ஒட்டிக் குட்டியாக கபிரியேல். நடுவில் ஆழமில்லாத பச்சை நீர். விளம்பரப் பலகைகளில் வரும் தண்ணீர் இதுதான். வெள்ளைவால் பறவைகள் புதரடியில் கூடு வைக்கின்றன, ஆளைக் கண்டு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, கிட்டே போகாமல் பாருங்கள்.

1854இல் காலரா மொரீஷியஸில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன் பயம் அடங்காத 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ‘ஹைதரி’, ‘ஃபத்தே முபாரக்’ என்று இரண்டு கப்பல்கள், காலரா நோயாளிகளோடு. போர்ட் லூயிஸ் ஏற்கவில்லை. கிட்டத்தட்ட 700 பேரை இந்தக் குட்டித் தீவில் இறக்கினார்கள், போதிய கொட்டகைகூட இல்லாமல். 280 பேருக்கு மேல் இங்கேயே இறந்தார்கள். இந்திய அரசு சில காலம் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. தனிமைப்படுத்தும் நிலையம் ஒழுங்காகக் கட்டப்பட்டது அதன் பிறகுதான், பக்கத்துத் தட்டைத் தீவில். அங்கே கலங்கரை விளக்கமும் கட்டட இடிபாடுகளும் கல்லறைகளும் இருக்கின்றன. சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் கபிரியேலோடு நிறுத்திக்கொள்கின்றன. தட்டைத் தீவில் இறங்க வேண்டுமென்றால் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் கேட்டால் நடக்காது.

மதியம் கோழியும் மீனும் சுடுகிறார்கள், ரம் வருகிறது, சேகா பாட்டு போடுகிறார்கள். சிப்பந்திகளில் ஒருவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னார், வீராப்பென். கப்பல் பெயர் இரண்டையும் அவரிடம் சொன்னபோது பாட்டின் ஒலியைக் குறைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிப் போனில் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குத் திரும்பும் சங்கு. தீவில் இறங்குவதற்குப் படகில் தருவது ஒரு மணி நேரம், கேட்டால் இன்னும் அரை மணி. மணல் சுடும், செருப்பு வேண்டும். மர நிழல் கொஞ்சம்தான், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டராவது படகிலிருந்தே கையில் கொண்டுபோக வேண்டும்.